ஈட்டி ஏறும் வண்டி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். மன்னார்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருஷமாக ஊசி குத்திக்கொண்டிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம், "சுடர்விழி அக்காகிட்ட கைய ஆட்டாம காட்டுங்க, திட்டும்" என்று கூட வேலை பார்க்கிறவர்களே சொல்லி அனுப்புவார்கள். திட்டவும் திட்டுவேன், வலிக்காமல் குத்தவும் குத்துவேன். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறு பேச எனக்கு வராது. அப்படித்தான் இத்தனை நாளும் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக் கார் ஒரு பழைய டீசல் வண்டி. மற்ற கார்கள் முடிகிற இடத்தில் அது முடியாது. பின்சீட்டுக்கு அப்புறமும் கூரை நீண்டுகொண்டே போய், கடைசியில் மேல்நோக்கித் திறக்கிற ஒரு கண்ணாடிக் கதவில் நிற்கும். பின்சீட்டை மடக்கிப் போட்டால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். நாங்கள் வாங்கியபோதே அதற்குப் பதினோரு வயது. முதல் தடவை தெருவுக்குள் கொண்டுவந்தபோது, ஆம்புலன்ஸ் யாருக்கு என்று எதிர்வீட்டில் பதறிக்கொண்டு வந்தார்கள்.

அதை நாங்கள் ராஜகோபாலன் அவர்களிடம் வாங்கினோம். எங்கள் ஊரில் பெரியவீடு என்றால் அவர் வீடு. ஒரு காலத்தில் ஊர் நிலத்தில் முக்கால்வாசி அவர்களுடையது. அவர் பேங்க் வேலையில் இருந்து ரிட்டையராகிச் சென்னையில் இருக்கிறார். ஊருக்கு வந்தால் ஓட்டுவதற்கென்று அந்த வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தார், கண் பார்வை மங்கியதும் விற்றுவிட்டார். என் மாமனார் ரெத்தினம் அந்த வீட்டுப் பண்ணையாள். கடைசி மூச்சு வரை அந்த வீட்டுக் கொல்லை வாசலில் நின்றவர். அவர் மகன், என் வீட்டுக்காரர் இளம்பரிதி, மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியர்.

எங்கள் கல்யாணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பண்ணையாள் வீட்டில் கல்யாணம் என்றால் பெரியவீட்டிலிருந்து ஒரு வேட்டி துண்டு வரும். தாம்பாளத்தில் வைத்து நீட்டுவார்கள், கை படாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். வேட்டியும் நாலு முழம்தான், வயல் வேலைக்குக் கட்டுகிற ஒற்றை வேட்டி. எட்டு முழம் அவர்களுக்கு. எங்கள் கல்யாணத்துக்கும் காரியஸ்தர் தாம்பாளத்தோடு வந்தார். மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த இவர், "அண்ணே, மொய் எழுதுறவரு அந்தப் பக்கம் இருக்காரு. எல்லாரையும் மாதிரி அங்க குடுத்துட்டு வந்து சாப்புடுங்க. தட்டுல வச்சு நீட்டுறத நாங்க வாங்கறதில்ல" என்றார். குரலை உயர்த்தவில்லை. சிரித்த முகமாகத்தான் சொன்னார். வேட்டி திரும்பிப் போனது.

அதுவரை அவரை எனக்குப் போட்டோவில்தான் தெரியும். அந்த நிமிஷத்தில் பிடித்துப் போனது. என் அப்பாவும் அதே மாதிரி ஒரு வாசலில் அதே மாதிரி நாலு முழ வேட்டி வாங்கியவர்தான். இருபது வருஷமாக வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், தட்டைத் திருப்பி அனுப்பிய ஆள் இவர் என்று நினைத்துக்கொண்டுதான் நான் இறங்கி வந்திருக்கிறேன்.

அதனால் கார் பேச்சு வந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. ஊர் உலகத்தில் வேறு வண்டியே இல்லையா என்று கேட்டேன். நல்ல வண்டி, அதிகம் ஓடாத வண்டி, தெரிந்த இடம் என்றார். கடைசியில் என் நாலு வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"பணத்தக் குடுத்தோமா, சாவிய வாங்குனோமான்னு வந்துடணும். அதுக்கப்புறம் அந்த வாசல்ல போயி நிக்கக் கூடாது."

"நான் எங்க சுடரு நிக்கப் போறேன்" என்றார்.

வண்டியோடு குடித்தனம் நடத்துவது லேசாக இல்லை. காலையில் சாவியைப் பாதி திருப்பிவிட்டு, மீட்டர் பக்கத்தில் சுருள் மாதிரி எரிகிற மஞ்சள் விளக்கு அணைகிறவரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் இருமிவிட்டு நின்றுவிடும். கிளம்பினால் தெருவே எழுந்துகொள்ளும். அது விடுகிற கரும்புகையில் பக்கத்து வீட்டுக்காரியின் துவைத்த புடவை கறுத்துப் போய் மாசத்துக்கு ஒரு தடவை வாய்த் தகராறு. பின்கதவைத் தாங்குகிற இரண்டு கம்பிகளும் வலுவிழந்து, திறந்தால் கதவு தலையில் வந்து விழும். அதற்கு ஒரு மூங்கில் குச்சியை அளவு பார்த்து வெட்டி உள்ளேயே போட்டு வைத்திருந்தோம். குச்சியை முட்டுக்கொடுத்தால்தான் கதவு நிற்கும். மெக்கானிக் மீரா உசேன் ஒவ்வொரு தடவையும், "அக்கா, இந்த இன்ஜின் சாவாது. நீங்களா சலிச்சுப்போயி வித்தாத்தான் உண்டு" என்பார்.

நான் சலித்துப் போகவில்லை. விதைநெல் மூட்டை அதில்தான் வந்தது. தெருவில் ஒருத்திக்கு வலி எடுத்தபோது அதில் படுக்க வைத்துத்தான் கொண்டுபோனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தரங்கம்பாடிக்குப் போய், கடலைப் பார்த்து வண்டியைத் திருப்பி நிறுத்தி, பின்கதவை முட்டுக்கொடுத்துவிட்டு மூன்று பேரும் அந்த விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டோம். என் வாழ்க்கையில் நல்ல நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஊரில் மட்டும் அதைப் "பெரியவீட்டு வண்டி" என்பார்கள். "எங்க வண்டி" என்று ஒவ்வொரு தடவையும் நான் திருத்துவேன். திருத்தித் திருத்தி வாய் வலித்ததுதான் மிச்சம்.

எல்லாவற்றையும்விட அந்த வண்டி எங்கள் மகள் கனிமொழிக்குத் தேவைப்பட்டது. அவள் ஈட்டி எறிகிறவள். பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்தாள். அவளுடைய ஈட்டி ஏழடி நீளம். வேறு எந்தக் காரிலும் கண்ணாடியை இறக்கி வெளியே நீட்டிக்கொண்டுதான் போக வேண்டும். எங்கள் வண்டியில் பின்கதவிலிருந்து முன்சீட்டு இடுக்கு வரை நேராகப் படுத்துக்கொள்ளும். பிடிக்கிற இடத்தில் நூல் கயிறு தளர்ந்தபோது இவர்தான் உட்கார்ந்து அவள் கைக்கு ஏற்றபடி புதிதாகச் சுற்றிக் கொடுத்தார். அறுவடை முடிந்த வயலில் குச்சி நட்டுக் குச்சி நட்டு அளந்தவரும் இவர்தான். அந்த ஈட்டியைப் பிடித்தால் முப்பத்தேழு மீட்டர் போகும். வேறு ஈட்டி என்றால் அவளுக்குக் கை கூசும்.

இரண்டு விஷயங்களை நான் அப்போதே துருவியிருக்க வேண்டும். ஒன்று, ஆர்.சி. புத்தகம். நாலு வருஷமாகியும் அதில் ராஜகோபாலன் பெயர்தான் இருந்தது. கேட்கும்போதெல்லாம் "பெரியவரு கையெழுத்துப் போடணும், வரும்போது வாங்கிக்கலாம்" என்பார். அந்த மனிதர் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று நான் பெரியவீட்டைக் கரித்துக்கொட்டினேன். இன்னொன்று, ஒவ்வொரு தை மாதமும் வண்டி இரண்டு நாள் சர்வீசுக்குப் போகும். திரும்பி வரும்போது உள்ளே பூ வாசனை அடிக்கும். பின்னால் காய்ந்த துளசி கிடக்கும். "மீரா உசேன் பட்டறையில பூக்கடை வச்சிட்டாரா?" என்று கேலி செய்தேன். யாரோ கல்யாணத்துக்குப் பூ ஏற்ற அவசரத்துக்கு வாங்கிக்கொண்டு போனார்கள் என்றார். நம்பினேன்.

இந்தத் தையில் கனிமொழிக்குத் தஞ்சாவூரில் தேர்வு வைத்தார்கள். சென்னையில் தங்கிப் பயிற்சி எடுக்க மண்டலத்துக்கு மூன்று பேரை எடுப்பார்கள். சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பன்னிரண்டாவது முடிக்கப்போகிற பெண்ணுக்கு இதைவிட்டால் அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும் என்று அவளுடைய விளையாட்டு ஆசிரியை சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவர் வண்டி இல்லாமல் நடந்து வந்தார். "இன்ஜெக்டர் போயிடுச்சு. உசேன்கிட்ட விட்டிருக்கேன். ரெண்டு நாளாவுமாம்" என்றார். சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். கனிமொழி முகம் சுண்டிப் போனது. அவருக்கும் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறதாம். நாலு வாடகை வண்டிக்குப் போன் போட்டேன். முகூர்த்த நாள், ஒன்றும் சிக்கவில்லை.

விடிந்ததும் நானும் அவளும் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் நின்றோம். முதல் பஸ்ஸில் கண்டக்டர் பார்த்தவுடனே கையை ஆட்டிவிட்டார். இரண்டாவது பஸ்காரர் இறங்கி வந்து பேசினார்.

"யம்மா, கூட்டத்தப் பாரு. யாரு கண்ணுலயாவது குத்துனா என் வேலையே போயிடும். இத வச்சிட்டு நீங்க வேணா ஏறுங்க."

நான் அவரிடம் சண்டை போட்டேன். பஸ் கிளம்பிப் போய்விட்டது. மூன்றாவது பஸ் வரும்போது மணி ஏழேகால். கனிமொழி ஈட்டியைக் கொண்டுபோய் ஒரு டீக்கடையில் சாத்தி வைத்துவிட்டு வந்து ஏறினாள். வழியெல்லாம் ரோட்டில் பாதிக்கு நெல்லைக் காய வைத்திருந்ததால் பஸ் ஊர்ந்துதான் போனது. அவள் வலது கையை மடியில் வைத்து மற்றொரு கையால் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மைதானத்தில் இருந்த ஈட்டியைக் கொடுத்தார்கள். மூன்று தடவை எறிந்தாள். மூன்றாவதுதான் நன்றாகப் போனது, முப்பத்து நாலரை. நாலாவது இடம். மூன்றாவதாக வந்த பெண் அரை மீட்டர்தான் கூட எறிந்திருந்தாள். கனிமொழி அழவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கைகொடுத்துவிட்டு வந்து, "போலாம்மா" என்றாள். நான்தான் அந்த இன்ஜெக்டரை நினைத்து வாய்க்கு வந்தபடி வைதேன். பழைய வண்டியை எங்கள் தலையில் கட்டிய பெரியவீட்டையும் வைதேன்.

திரும்பும்போது வடுவூரில் பஸ் நின்றது. ஏரி ரோட்டோரத்திலேயே இருக்கிறது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த கனிமொழி வெளியே எதையோ பார்த்துக்கொண்டே இருந்தாள். பறவை பார்க்கிறாள் என்று நானும் எட்டிப் பார்த்தேன். எங்கள் வண்டி நின்றிருந்தது. உலகத்தில் எத்தனை கார் நின்றாலும் அதன் பின்பக்கத்தை நான் கண்டுபிடித்துவிடுவேன். ராஜகோபாலனும் அவர் மனைவி சரசா அம்மாளும் கரையில் நின்று பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு அடி பின்னால் இவர் ஃபிளாஸ்க்கையும் இரண்டு டம்ளரையும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அப்பா நிற்கிற மாதிரியே, ஒரு பக்கமாகச் சாய்ந்து.

"அம்மா, வேணாம்" என்றாள் கனிமொழி. நான் அதற்குள் எழுந்துவிட்டேன். இரண்டு பேரும் இறங்கினோம்.

பஸ் படியிலிருந்து அந்தக் கரைக்குப் போவதற்குள் நான் சொல்ல வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கிவிட்டேன். உன் மகள் அரை மீட்டரில் தோற்றாள் என்று ஆரம்பிக்க வேண்டும். இது என் வளையல் போட்டு வாங்கிய வண்டி என்று அவர்கள் இருவரையும் பார்த்துச் சொல்ல வேண்டும். இவர் என்னைப் பார்த்தார்.

சரசா அம்மாள்தான் முதலில் பேசினார். நல்ல வெள்ளை மனசு, குரலிலேயே தெரியும்.

"யாரு, இளம்பரிதி ஆத்துக்காரியா? வாம்மா. ஏன் வெயில்ல நிக்கறே? ஊருக்குத்தானே, ஏறிக்கோங்கோ ரெண்டு பேரும். நாங்களும் அங்கதான் போறோம். சாயங்காலம் பெருமாளுக்கு எங்க மண்டகப்படி."

பெருமாள் கோயில் உற்சவத்தில் ஒரு நாள் செலவு அந்தக் குடும்பத்துடையது. தை மாதம். பூ வாசனை, துளசி. எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது.

"பின்சீட்ல என் பக்கத்துல பெருமாள் வஸ்திரமும் மாலையும் வச்சிருக்கு, அத நகத்தப்படாது" என்றார் சரசா அம்மாள். "அதுக்கும் பின்னாடி எடம் தாராளமா இருக்கே. ஜம்முனு உக்காந்துண்டு வரலாம்."

இவர் போய்ப் பின்கதவைத் திறந்து மூங்கில் குச்சியை முட்டுக்கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை.

அடுக்கி வைத்ததெல்லாம் வாயில் இருந்தது. வாயைத் திறந்தேன். "சரிங்கம்மா" என்று வந்தது.

நான் ஏறினேன். கனிமொழியின் ஈட்டி படுக்கிற இடத்தில், பித்தளைத் தவலைக்கும் வாழைத்தாருக்கும் நடுவில் காலை மடக்கி உட்கார்ந்தேன். கனிமொழி கீழேயே நின்றாள்.

"நீயும் ஏறும்மா" என்றார் ராஜகோபாலன்.

"இல்லைங்க. நான் பஸ்ல வரேன்" என்றாள் அவள். என்னிடம், டீக்கடையிலிருந்து ஈட்டியை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். இவர் குச்சியை எடுத்துப் பின்கதவை என் முகத்துக்கு நேரே மெதுவாக மூடினார்.

வண்டி கிளம்பியது. நான் உட்கார்ந்த பலகை சமமாக இல்லை. அதற்குக் கீழேதான் ஸ்டெப்னி டயர் இருக்கிற குழி. உள்ளே எதையோ திணித்து வைத்ததுபோல் பலகை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் என்னை ஆட்டியது. டயர் விஷயமெல்லாம் அவர் வேலை என்பதால் அந்தப் பலகையை நான் ஒரு நாளும் தூக்கிப் பார்த்ததில்லை.

"பொண்ணு எங்க போயிட்டு வரா?" என்று முன்சீட்டிலிருந்து கேட்டார் ராஜகோபாலன்.

"ஈட்டி எறியறதுக்குத் தேர்வுங்க. தஞ்சாவூர்ல."

"இன்னிக்கா?" அவர் இவர் பக்கம் திரும்பினார். "என்னப்பா, நீ சொல்லவே இல்லையே. ஒரு போன் பண்ணியிருந்தா ஜங்ஷன்ல டாக்ஸி வச்சிண்டு வந்திருப்போமே."

இவர் கியரை மாற்றினார். ஒரு போன். கூசாமல் பெற்ற பெண்ணிடம் இன்ஜெக்டர் போய்விட்டது என்று சொல்லத் தெரிந்தவருக்கு ஒரு போன் போடத் தெரியவில்லை.

"நாங்க கேக்கவே இல்லைம்மா" என்று சரசா அம்மாள் பின்னால் திரும்பி என்னிடம் சொன்னார். "வண்டிய விக்கறச்சே அவனேதான் சொன்னான். வருஷா வருஷம் மண்டகப்படிக்கு வரும்போது வண்டிக்கு அலைய வேண்டாம், நான் கொண்டுவரேன்னு. நாலு வருஷமா ஒரு தரம் தவறல. ரெத்தினம் பிள்ளையோன்னோ, அந்த விசுவாசம் எங்க போகும்."

இவருக்கு நாற்பத்தேழு வயது. அவரிடம் படித்தவர்களில் டாக்டர்கள் இருக்கிறார்கள். "அவன்."

"வண்டிக்குப் பதினஞ்சு வருஷம் முடியப்போறதே, ஆர்.சி.யப் புதுப்பிக்கணுமே" என்றார் ராஜகோபாலன், பேச்சை மாற்றுகிறவர்போல. "ஆர்.சி.ல உன் பேர் ஏத்திண்டாச்சோன்னோ? ஃபாரத்துல கையெழுத்து அன்னிக்கே போட்டுக் குடுத்துட்டேனே."

"பாத்துக்கிட்டு இருக்கேங்கய்யா" என்றார் இவர்.

மாமனார் "சாமி" என்பார். இவர் "ஐயா" என்கிறார். ஒரு தலைமுறையில் நாங்கள் வந்த தூரம் அவ்வளவுதான். மேலே இருந்த கண்ணாடியில் இவர் கண்கள் ஒரு தடவை என்னைத் தேடின. நான் தவலையைப் பார்த்துக்கொண்டேன். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டபோதும், "வரேங்கம்மா" என்றுதான் சொன்னேன்.

கனிமொழி மூன்று மணிக்கு ஈட்டியோடு வந்தாள். ஒரு டிராக்டர்காரர் ஏற்றிக்கொண்டு வந்தாராம். சாப்பிட்டுவிட்டு ஈட்டியைத் துடைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். என்னிடம் பேசவில்லை. இவர்மேல் உள்ள கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இவர் வந்தார். மறுநாள் ரயிலுக்கு அவர்களே டாக்ஸி சொல்லிவிட்டார்களாம். பெரியவருக்குச் சங்கடமாகப் போய்விட்டதாம். அதைக்கூட வருத்தமாகத்தான் சொன்னார்.

நான் நேராக வண்டிக்குப் போனேன். பின்கதவைத் திறந்து குச்சியை முட்டுக்கொடுத்தேன். பலகையைத் தூக்கினேன். ஸ்டெப்னி டயருக்குள் மூன்று வேட்டிகள் இருந்தன. மேல்தாளைப் பிரிக்காமல், மடிப்புக் கலையாமல், ஒன்றின்மேல் ஒன்றாக. மூன்றும் நாலு முழம். அவற்றுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில், ராஜகோபாலன் கையெழுத்துப் போட்டு நாலு வருஷமான ஃபாரங்கள். வாங்குபவர் பெயர் எழுதுகிற இடம் காலியாக இருந்தது. நாலாவது வேட்டி முன்சீட்டில் மஞ்சள் பையில் இருந்தது.

எனக்குக் கத்த வரவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

"ஏன் மாத்தல?" என்று கேட்டேன்.

அவர் மதில் ஓரத்தில் நின்றார். "அவங்க பேர்ல இருக்கற வரைக்கும், அவங்க வண்டிய அவங்களுக்கு ஓட்டிக் குடுக்கறேன்னு ஆவும். ஒரு உதவின்னு வச்சிக்கலாம். என் பேருக்கு வந்துட்டா, என் வண்டியிலயே நான் டிரைவரா போறேன்னு ஆயிடும் சுடரு. அதான் மாத்தல."

"போவாம இருந்திருக்கலாமே."

"எங்கப்பா அந்த வீட்டு ஆளுங்க பக்கத்துல ஒரு நாளாவது உக்காந்திருக்காரா? நான் பெரியவரப் பக்கத்து சீட்டுல உக்கார வச்சு ஓட்டறேன். ஊரே பாக்குது. அது ஒனக்குப் புரியாது."

"பக்கத்துல உக்காந்தீங்க, சரி. எறங்கும்போது என்ன குடுத்தாங்க?"

அவர் வேட்டிகளைப் பார்த்தார். "நான் ஒண்ணக்கூடக் கட்டலயே" என்றார்.

கட்டாமல் ஒளித்து வைத்தது பெரிய மானம் என்று நினைக்கிறார். கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு, யாரும் பார்க்காதபோது நாலை வாங்கி டயருக்குள் வைத்திருக்கிறார். இருபது வருஷமாக எந்த ஆளை நினைத்து இறங்கி இறங்கி வந்தேனோ, அந்த ஆள் இல்லவே இல்லை. என்னை ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தப் பெண்ணின் ஈட்டிக்கு நூல் சுற்றிக் கொடுத்த கையாலேயே அதை டீக்கடையில் சாத்த வைத்துவிட்டார்.

உள்ளே போய்ப் பேனா எடுத்துவந்தேன். வண்டியின் பின்விளிம்பில் ஃபாரத்தை வைத்து, வாங்குபவர் என்ற இடத்தில் என் பெயரைப் பெரிதாக எழுதினேன். இவர் தடுக்கவில்லை.

"இந்தா பாரு கனி" என்று ஃபாரத்தைத் தூக்கிக் காட்டினேன். "திங்கக்கெழமையே கொண்டுபோயிக் குடுத்துடறேன். இனிமே இது நம்ம வண்டி. எவன் வந்து கேட்டாலும் எங்கிட்டத்தான் கேக்கணும். ஒன் ஈட்டி போற எடத்துல இனிமே வேற யாரும் உக்கார முடியாது."

கனிமொழி ஈட்டியைத் துடைப்பதை நிறுத்தினாள். அப்பா பக்கம் அவள் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அப்பா பொய் சொன்னாரு, சரி" என்றாள். "நீ ஏம்மா ஏறுன?"

நான் வாயைத் திறந்தேன். மதியம் அந்த அம்மாளிடம் "சரிங்கம்மா" என்று வந்த வேகத்தில் இப்போது ஒன்றும் வரவில்லை. வெயிலாக இருந்தது, களைப்பாக இருந்தது, கூப்பிட்டது பெரியவர்கள். எதைச் சொன்னாலும் அது அவள் அப்பா சொன்ன சாக்குப்போலத்தான் இருக்கும் என்று தெரிந்தது. அவள் பிறகு ஈட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஆர்.சி. புத்தகத்தில் இப்போது என் பெயர் இருக்கிறது. வேட்டிகளை மீரா உசேன் பட்டறைக்குக் கைதுடைக்கக் கொடுத்துவிட்டேன். வயது வரம்பில்லாத வேறொரு போட்டி சித்திரையில் தஞ்சாவூரில் நடக்கிறது. எந்த பஸ்ஸில் ஈட்டியை ஏற்றிக்கொள்வார்கள் என்று கனிமொழி இப்போதே டெப்போவில் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.